காதில் குறையில்லை, ஆனாலும் விளங்கவில்லை: மைக்கா, பயிற்சியா, வகுப்பறையா?

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். தகரக் கூரை, ஒரே நீண்ட மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகைதான் மறைப்பு. போன வருடம் சொல்வதெழுதலில் ஒரு பையன் "அண்ணன் காட்டுக்குப் போனான்" என்பதை "அண்ணன் பாட்டுக்குப் போனான்" என்று எழுதினான். பலகைக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் அவனைத் தனியாக உட்காரவைத்து அதே வாக்கியங்களைச் சாதாரணக் குரலில் சொன்னேன். ஒரு பிழைகூட இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில காட்டியாச்சு டீச்சர். காது நல்லாத்தான் இருக்காம். புள்ளைக்குக் கவனம் பத்தலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம்தான், காது கேட்டும் இரைச்சலுக்கு நடுவே பேச்சு விளங்காத இந்தச் சிக்கலைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சோதனை. ஆஸ்பத்திரியில் எடுப்பது ஆடியோகிராம். அமைதியான அறையில் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை (250 முதல் 8000 ஹேர்ட்ஸ்) தனி ஒலிகளைப் போட்டு, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று பார்ப்பார்கள். சத்தத்தை அளக்கும் அலகான டெசிபெலில் 20க்குள் கேட்டால் பொதுவாக நல்ல காது என்பார்கள். மொழி தேவையில்லை, சீக்கிரம் முடியும். ஆனால் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு: இரைச்சலோடு வாக்கியம் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு எண்களைச் சொல்வது, ஒலிக்கு நடுவே வரும் நூலிழை இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சொல்வது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இவற்றின் முடிவை நம்புவது கஷ்டம்.

இதில் எங்களுக்குப் பெரிய இடைஞ்சல் மொழி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ் பேசி வளர்ந்த பிள்ளையை ஆங்கில வாக்கியத்தையோ சிங்கள வாக்கியத்தையோ திருப்பிச் சொல்லச் சொன்னால், அளப்பது அவன் மொழியறிவை. காது கேட்டதை மூளை எப்படிக் கையாள்கிறது என்பது அதில் தெரியாது. அதற்காக ஆடியோகிராமைத் தள்ளிவிடக் கூடாது. இந்தக் குளிரில் சளி பிடிக்காத பிள்ளை இல்லை, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிக் காது கேட்பது குறைந்து கூடுவதும் உண்டு. ஆகவே முதலில் அது, பிறகு இரைச்சல் சோதனை. கவனக் குறைவு என்பதும் வெறும் சாக்கு இல்லை. டேவிட் மூரும் குழுவினரும் பிரிட்டனில் செய்து 2010இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பிள்ளைகளின் கேட்டல் சிரமம் ஒலியைப் பிரித்தறியும் திறனைவிடக் கவனத்தோடும் நினைவாற்றலோடும்தான் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அப்படியே இருந்தாலும் பிள்ளைக்கு உதவி தேவைதானே? கவனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவது எப்படி உதவியாகும்?

சரி, உதவி என்ன? வழி நான்கு இருக்கிறது.

வகுப்பறையைத் திருத்துவது ஒன்று. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபெல் குறையும். அந்தக் கணக்கில் நான்கு மீற்றர் தள்ளியிருந்த பிள்ளையை ஒரு மீற்றருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். கட்டடத்துக்குள் எதிரொலி இருப்பதால் அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆசிரியரின் குரல் சுற்றியுள்ள சத்தத்தைவிட 15 டெசிபெல் கூட இருக்க வேண்டும் என்கிறார்கள். தகரத்தில் மழை விழும்போது அது யாருக்கும் நடக்காத காரியம். சுவரோரம் முன்வரிசை, பலகையில் எழுதிக் காட்டுவது, முகம் பார்த்துப் பேசுவது: இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது ரிமோட் மைக். ஆசிரியர் வாய்க்கு ஒரு சாண் கீழே சின்ன மைக்கை மாட்டிக்கொள்வார், பிள்ளையின் காதில் ஒரு ரிசீவர். குரல் ஒரு சாண் தூரத்திலிருந்து கிளம்பிய மாதிரி போய்ச் சேர்கிறது. வகுப்புக்குள் உடனே பலன் தெரிவது இதில்தான். ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டாது, தினமும் சார்ஜ் போட வேண்டும், பக்கத்துப் பிள்ளை கேட்கும் கேள்வி மைக்கில் வராது. விலை குறைவு என்று ஒலிபெருக்கி வைத்தால் எங்கள் மண்டபத்தில் மூன்றாம் வகுப்பின் பாடம் கெட்டுப்போகும். சுவர் வைத்த வகுப்புகளுக்கே அது சரி.

மூன்றாவது கேட்டல் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் ஷாரன் கேமரனும் ஹார்வி டில்லனும், ஒலி வரும் திசையைக் கொண்டு பேச்சைப் பிரிக்க முடியாத பிள்ளைகளுக்காக ஒரு கணினிப் பயிற்சி உருவாக்கினார்கள். அந்தக் குறிப்பிட்ட குறைக்குப் பலன் உண்டு. ஆனால் சோதனையில் அந்தக் குறை தெரிந்த பிள்ளைக்குத்தான் அது, பயிற்சியும் ஆங்கிலத்தில். "மூளைப் பயிற்சி" என்று பொதுவாக விற்கும் செயலிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விளையாட்டில் புள்ளி கூடும், ஆனால் அதனால் வகுப்பில் கேட்பதும் கூடும் என்று சொல்ல முடியாது.

கடைசி, காதுக் கருவி. கடையில் விற்கும் ஒலி பெருக்கும் கருவி பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். கேட்டலைச் சோதிக்கும் நிபுணரான ஆடியோலஜிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

என் வரிசை இதுதான்: வகுப்பறை, பிறகு யாராவது வாங்கிக் கொடுத்தால் மைக், சோதனையில் குறை தெரிந்தால் மட்டும் பயிற்சி.

அந்தப் பையன் இப்போது சுவரோரம் முன்வரிசையில் இருக்கிறான். மழை கொட்டினால் சொல்வதெழுதலை நிறுத்திவிட்டுப் பலகையில் கணக்குப் போடுகிறேன். அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோக அவன் அம்மாவிடம் ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "சத்தத்துக்கு நடுவே பேச்சு விளங்குகிறதா என்று என் மகனுக்குத் தமிழில் சோதித்துப் பார்க்க முடியுமா?"