டெரலிக்ட்டா, அபேன்டன்டா?

ஆள் விட்டுப்போன வீட்டையோ காரையோ ஆங்கிலத்தில் சொல்ல வந்தால் இந்த இரண்டு சொற்களும் முன்னால் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றல்ல. அபேன்டன்டு சொல்வது செயலை: யாரோ விட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நேற்று வாங்கிய காரைச் சாலையோரம் போட்டுவிட்டு ஓடினாலும் அது அபேன்டன்டு. டெரலிக்ட் சொல்வது நிலைமையை: கூரை இறங்கி, ஜன்னல் கண்ணாடி உடைந்து, சுவரில் செடி முளைத்த கட்டடம். பாழான பிறகுதான் அந்தப் பெயர்.

புழக்கத்தில் அபேன்டன்டுக்கே இடம் அதிகம். குழந்தை, நாய்க்குட்டி, திட்டம், மழையால் பாதியில் கைவிட்ட கிரிக்கெட் ஆட்டம் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். டெரலிக்ட் பெரும்பாலும் கட்டடம், நிலம், கப்பலோடு சரி. கடமை தவறியவரையும் அமெரிக்காவில் டெரலிக்ட் என்பதுண்டு. வீடற்றவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது; இழிவாகப் படும், வேண்டாம்.

கடல் சட்டம் மட்டும் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. திரும்பி வரும் எண்ணமோ மீட்கும் நம்பிக்கையோ இல்லாமல் மாலுமிகள் விட்டுப்போன கப்பல் அங்கே டெரலிக்ட். அது சிதைந்திருக்க வேண்டியதில்லை. 1872 டிசம்பரில் அட்லாண்டிக்கில் ஆளின்றி மிதந்த மேரி செலஸ்ட் அப்படித்தான். சரக்கு பெரும்பாலும் பத்திரம், உணவும் இருந்தது, உயிர்காக்கும் படகைத்தான் காணோம். கண்டுபிடித்தவர்கள் அதை ஜிப்ரால்டர் வரை ஓட்டியே வந்தார்கள். சட்டப்படி அது டெரலிக்ட். அன்றாடப் பேச்சில் அபேன்டன்டு என்பதே பொருத்தம். எழுதும்போது சந்தேகம் வந்தால் நான் அபேன்டன்டு பக்கம்தான்.