இரத்த வகை உணவா, அரைத் தட்டு மரக்கறியா?

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவின் எல்லை வரை சர்க்கரை ஏறியிருப்பதாகப் பரிசோதனை காட்டியபோது, உறவினர்கள் எங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி'அடாமோ 1996இல் வெளியிட்ட நூலின் மூலம் பரவிய, உண்பதையும் விலக்குவதையும் அவரவர் இரத்த வகைக்கேற்ப வகுக்கும் இரத்த வகை உணவுமுறை. மற்றையது, தட்டில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும், கால் பங்கைச் சோற்றுக்கும், எஞ்சிய கால் பங்கை மீனுக்கோ பருப்புக்கோ ஒதுக்குவது. நாங்கள் இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம்.

இரத்த வகை உணவால் உடல் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆயினும், தொரொன்ரோ பல்கலைக்கழகத்தினர் 1,455 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, ஏ வகைக்கென வகுத்த உணவை ஒட்டி உண்டவர்களுக்கு எடையும் இரத்த அழுத்தமும் குறைவாகவே இருந்தன. அந்தப் பலன் அவர்களுடைய இரத்த வகையைப் பொறுத்திருக்கவில்லை. பாணையும் சீனியையும் குறைத்தால் எந்த இரத்தமும் பயன்பெறும்.

எங்களுக்கு முடிவைத் தந்தது அடுப்படிதான். ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் நான்கு வகைகளில் எதிலும் பிள்ளை பிறக்கக்கூடும். இரத்த வகை முறைப்படி மைசூர்ப் பருப்பு ஏ வகைக்கு உகந்தது, ஓ வகைக்கும் பி வகைக்கும் ஆகாது. கோழி பி வகைக்கு விலக்கு, கோதுமை ஓ வகைக்கு விலக்கு. திருகோணமலையில் வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத வீடுகள் பல. அன்று இறைச்சியும் இல்லை, பருப்பும் கூடாது என்றால், ஓ வகைக்காரரின் சோற்றுக்கு என்ன கறி வைப்பது? ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று உலை வைக்க யாரால் வருடக்கணக்கில் முடியும்?

தட்டு முறையில் சட்டி ஒன்றுதான்; மாறுவது அளவு மட்டுமே. சந்தையில் அன்று மலிந்த சூடையோ பாரையோ குழம்பாகும், வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் பாதித் தட்டை நிரப்பும், சிவப்பரிசிச் சோறு ஒரு மூலைக்கு ஒதுங்கும். சிரமம் இரவில்தான்: குழற்பிட்டு முழுதாகத் தட்டில் விழுந்தால் மரக்கறிக்கு இடம் இராது. ஆதலால் கறியை முதலில் போட்டுவிட்டு, பிட்டில் பாதியை முறித்து வைக்கிறோம். அதன்பிறகு இரண்டாம் முறை கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

சிறுநீரக நோயாளருக்குச் சமைத்த அனுபவம் எங்களுக்கு இல்லை. கீரையில் பொற்றாசியம் மிகுதி என்பதால், அவர்கள் பாதித் தட்டை நிரப்பும் முன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதே சரி.