பஞ்சிகாவத்தையில் இரும்பை நம்பலாம், றப்பரை நம்பாதீர்கள்

மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வாகனச் சாமானுக்குக் கொழும்பில் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது பஞ்சிகாவத்தைதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களை ஓட வைத்ததில் இந்தத் தெருவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மதிப்பீடு கராஜ்காரருக்கானது அல்ல. வீட்டு வாசலில் ஜக் வைத்துக் காரை உயர்த்தி, தானே பழுது பார்க்கிறவருக்கானது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது இங்கே நிறைய ஓடும் டொயோட்டா கொரோலா 121, 1.5 லீற்றர் எஞ்சின்.

இங்கே ஒரே சாமான் மூன்று விதமாகக் கிடைக்கும்: ஜெனுவின் (கார் கொம்பனியின் சொந்தப் புதுச் சாமான்), ஜப்பான் ரீகண்டிஷன், சைனா அல்லது தாய்வான் புதுசு. ரீகண்டிஷன் என்ற சொல்லைக் கேட்டு யாரோ பிரித்துப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஜப்பானில் உடைத்த காரிலிருந்து கழற்றிக் கொள்கலனில் வந்த பழைய சாமான், அவ்வளவுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபது வருடம் ஓடிய ஜப்பான் ஒல்ரனேற்றர் (பற்றரியை சார்ஜ் பண்ணுவது) ஒன்று, நேற்றுப் பெட்டியில் வந்த மலிவுப் புதுசை விட நீண்டநாள் உழைப்பது உண்டு. ஆனால் அதே காரிலிருந்து கழற்றிய எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினைத் தாங்கும் றப்பர், உழைக்காது. இரும்பும் செம்பும் ஓடினால்தான் தேயும். றப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடாகும்.

கடைக்குப் போகும் முன் இரண்டு இலக்கங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, எஞ்சின் அறைத் தகட்டில் உள்ள சேசி இலக்கம். "121 கொரோலாவுக்கு ஒன்று தாங்க" என்று கேட்டால் கைக்கு எட்டியதுதான் வரும். மற்றது, டொயோட்டா சாமான் இலக்கம். பத்து இலக்கத்தில் முதல் ஐந்து அது என்ன சாமான் என்பதைச் சொல்லும்: 04465 முன் பிரேக் பேட், 04495 பின் பிரேக் ஷூ, 17801 எயார் பில்டர், 48820 ஸ்டெபிலைசர் லிங்க், 48510 வலது முன் ஷொக் (ஷொக் அப்சோபர்), 48520 இடது முன் ஷொக். பின் ஐந்துதான் எந்த மொடலுக்கு என்பது. வலது ஷொக்கை இடது என்று கட்டிக் கொடுத்தால் கடையிலேயே பிடித்துவிடலாம்.

இக்னிஷன் கொயில் (பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின் கொடுப்பது) வாங்க இதை விட நல்ல இடம் கொழும்பில் இல்லை. இந்த எஞ்சினுக்கு 90919-02240. ரீகண்டிஷன் கொயிலைக் கையில் எடுத்ததும் வயர் பூட்டும் இடத்தில் நான்கு பின்களும் வளையாமல், பச்சை பூக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கீழே உள்ள நீண்ட றப்பர் குழலை விரலால் மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மயிரளவு கறுப்புக் கோடு ஓடியிருந்தால் தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. உப்பி வழுவழுத்தால், பழைய காரில் டெபெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பெக்கிங் ஒழுகி ஒயில் ஊறியிருக்கிறது. கொயிலின் மேல்பாதி இரும்புக் கணக்கு, அடிப்பாதி றப்பர் கணக்கு. அந்தக் குழலை மட்டும் புதிதாகப் போடலாம், இழுத்தால் கழன்று வரும்.

வாங்கும் முன் பழுது கொயிலில்தானா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காரின் கோளாறுக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். முதல் சிலிண்டர் ட்ரைவர் பக்கம், டைமிங் செயின் இருக்கும் முனை. சந்தேகப்படும் கொயிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாட்டி ஓடுங்கள். ஒரு 10 மி.மீ. போல்ட்தான் பிடித்திருக்கும். கோளாறும் கொயிலோடு இடம் மாறினால் கொயில் போய்விட்டது. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக்கைப் பாருங்கள், அதன்பின் இன்ஜெக்டரை. ஒரு எச்சரிக்கை: தெருவில் விற்கும் மலிவு புளூடூத் ஸ்கேனர், ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய மொடல்கள் பலவற்றோடு பேசாது. வாங்கும்போது உங்கள் காரிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒல்ரனேற்றர் என்றால் பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பெயரிங் கரகரத்தால் வேண்டாம். சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று கையோடு இருக்கட்டும். பூட்டியபின் எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். கழற்றும் முன் பற்றரியின் மைனஸ் கம்பியை எடுக்க மறக்காதீர்கள். ஒல்ரனேற்றரின் தடித்த வயரில் சாவி போடாவிட்டாலும் மின் இருக்கும், ஸ்பானர் அதிலும் காரின் உடம்பிலும் சேர்ந்து பட்டால் பொறி பறக்கும். ஸ்டார்ட்டர், கண்ணாடிகள், ஹெட்லைட், கதவுப் பூட்டு, த்ரொட்டில் பொடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் இந்தத் தெருவில் நல்ல கொள்முதல்.

றப்பருக்கு வருவோம். எஞ்சின் மவுண்ட், லோவர் ஆர்ம் புஷ், ரேடியேற்றர் ஹோஸ், ஷொக். இந்த நான்கையும் ரீகண்டிஷனாக எடுக்க வேண்டாம். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து றப்பரை இறுக்கி வெடிக்க வைக்கும். சில மவுண்டுகளுக்குள் திரவமும் இருக்கிறது. அது கசிந்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், பூட்டிக் கியரை டி-யில் போட்டு பிரேக்கில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். கடையில் கறுப்பு பொலிஷ் பூசி மினுக்கியிருப்பார்கள். பெருவிரலால் அழுத்தி மடித்துப் பாருங்கள், மடிப்புக்குள் நுண்வெடிப்புத் தெரியும். ஷொக்கில் கம்பியைச் சுற்றி ஒயில் துடைத்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது. புதிய ஷொக் வாங்கினாலும் ஸ்பிரிங்கிலிருந்து கழற்றி மாட்டும் வேலையை மட்டும் கராஜில் கொடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் தவறினால் பல்லோடு போகாது. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் துண்டு) அப்படியல்ல, அரை மணி வேலை. நட்டைத் திருப்பும்போது நடுப் போல்ட்டும் சேர்ந்து சுற்றும், அதன் தலையில் உள்ள குழியில் அலன் சாவியைப் போட்டுப் பிடியுங்கள். சக்கர நட்டுகள் 103 நியூட்டன் மீற்றர்.

பிரேக் பேட், ஒயில் பில்டர், பிளக் ஆகியவற்றில் போலிதான் பயம். பிளக்கை பூதக்கண்ணாடியில் பாருங்கள். டென்சோ இரிடியம் பவர் என்றால் நடுமுனை 0.4 மி.மீ., ஊசி போல இருக்கும். பெட்டியில் இரிடியம் என்று போட்டுவிட்டு முனை தடிப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மாற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் புரி உரிந்து வரும். 16 மி.மீ. பிளக் சொக்கெற் போதும். உள்ளே விடும்போது ரட்செட் வேண்டாம், பிளக்கின் தலையில் ஒரு துண்டு றப்பர் குழாயைச் செருகி விரலால் சுற்றுங்கள். புரி தப்பினால் குழாய் வழுக்கும், ஹெட் தப்பும். விரலுக்கு இறுகியபின் புதிய பிளக்குக்கு அரைச் சுற்று. டோர்க் ரென்ச் இருந்தால் 18 நியூட்டன் மீற்றர்.

ஒயில் மாற்றுவது சுருக்கமான வேலை. பில்டரோடு 3.7 லீற்றர், 5டபிள்யூ-30. நான்கு லீற்றர் கேனில் மிச்சம் வருவதையும் ஊற்றிவிடாதீர்கள். வடிக்கும் போல்ட் 14 மி.மீ., அலுமினிய வொஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசுதான். பழைய பில்டரின் றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே புதியதைப் பூட்டுங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஸ்டார்ட் பண்ணிய கையோடு ஒயில் தரையில். பில்டர் வளையம் தொட்டபின் முக்கால் சுற்று, அதுவும் கையால்.

புதுசாகச் சேர்க்கும் சாமான்களில் பணத்துக்குப் பெறுமதியானது றேடியோ செற். ஜப்பான் காரோடு வரும் றேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நம் எஃப்.எம். 108 வரை போகிறது. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி விற்பார்கள். நிலையம் வரும், இரைச்சலும் கூடவே வரும். அதற்குக் கொடுக்கும் காசை அன்ட்ரொயிட் செற்றில் போடலாம். டொயோட்டாவின் 10 பின், 6 பின் சொக்கெற்றுக்குப் பொருந்தும் வயர் கட்டைச் சேர்த்துக் கேளுங்கள், காரின் வயரை வெட்ட விடாதீர்கள். அன்ரெனா முனைக்கும் மாற்றி வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் அது இல்லாதது தெரியும். பின் கெமராவின் சிவப்பு வயர் ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுப்பது.

கடைக்காரர்களோடு தமிழ் பேசியே வேலை முடிந்துவிடும். "நானா, ஒரிஜினலா?" என்று கேட்டால் எல்லாமே ஒரிஜினல்தான். "நானா, ஜெனுவினா, ரீகண்டிஷனா, பில்லில எழுதித் தாறீங்களா?" என்று கேளுங்கள், விலையும் பதிலும் இறங்கி வரும். செக்கிங் வொரண்டி, அதாவது பூட்டிப் பார்க்கத் தரும் தவணை, எத்தனை நாள் என்பதும் அதே பில்லில் வர வேண்டும். மின்சாமான்களைப் பல கடைகள் திருப்பி எடுக்காது, அதனால் ஸ்டார்ட்டரைப் பற்றரி வைத்து உங்கள் முன்னே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஞாயிறும் போயா தினமும் போய்ப் பயனில்லை. கழற்றிய பழைய சாமானைத் துடைத்து, ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து போல்ட் துளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபின் காசைக் கொடுக்கலாம்.