யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு எந்த ஆன்டிபயாடிக்? பாதி பதில் உங்கள் மாத்திரை டப்பாவில்

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் நான்கைந்து மருந்துகளுக்கு நேராக ‘எஸ்’ என்று போட்டிருப்பார்கள். கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பொருள். எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ தானே, எதைச் சாப்பிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் ஆய்வகத் தட்டில் இருந்தது கிருமி மட்டும்தான். உங்கள் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கால்சியமும் அங்கே இல்லை. அவற்றோடு எது ஒத்துப்போகும் என்பதை அந்த ரிப்போர்ட்டால் சொல்ல முடியாது.

சிறுநீர்த் தொற்று பெண்களுக்குத்தான் அதிகம். வயது ஏறினால், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். தினம் ஐந்தாறு மாத்திரை என்று ஆகிவிடுவதும் அதே வயதில்தான். அதனால் இங்கே கிருமியை எது வேகமாகக் கொல்கிறது என்ற ஒப்பீட்டை விட்டுவிடுகிறேன். மற்ற மாத்திரைகளோடு எது மோதுகிறது, எது மோதாமல் வேலை செய்கிறது என்று மட்டும் பார்ப்போம். மோதல் இரண்டு திசையிலும் நடக்கும். பக்கத்து மருந்து ஆன்டிபயாடிக்கைப் பலவீனமாக்கினால் தொற்று தீராது. ஆன்டிபயாடிக் பக்கத்து மருந்தின் வேகத்தை ஏற்றிவிட்டால், நீர்க்கடுப்புக்கு மருந்து வாங்கியவர் வேறொரு காரணத்துக்காக அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ப் படுக்க நேரிடும்.

கோ-ட்ரைமாக்சசோல்: மோதல் அதிகம்

செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் பல காலமாகத் தெரிந்த மாத்திரை. விலை மலிவு. ட்ரைமெத்தோபிரிம், சல்ஃபாமெதாக்சசோல் என்று இரண்டு மருந்துகள் சேர்ந்தது. கிருமி கட்டுப்பட்டால் நல்ல மருந்துதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வரிசையிலேயே மற்ற மருந்துகளோடு அதிகம் மோதுவது இதுதான்.

முதலில் பிரஷர் மாத்திரை. ட்ரைமெத்தோபிரிம் சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் வழியை ஓரளவு அடைக்கிறது. எனலாபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவையும் வேறொரு வழியில் பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. இதய பலவீனத்துக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் இன்னும் தீவிரம். இவற்றில் ஒன்றோடு கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் சில நாட்களிலேயே ஏறி, இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்குப் போகலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் முதியவர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், எனலாபிரில் அல்லது லோசார்டன் வகை மாத்திரை எடுப்பவர்கள் கோ-ட்ரைமாக்சசோல் சாப்பிட்டபோது, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அமாக்சிசிலின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய 7 மடங்கு இருந்தது. அம்லோடிபின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. ‘பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது, பெயரைச் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒன்று உண்டு. நீர்க்கடுப்பு என்றாலே இளநீர். மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இளநீர் பொட்டாசியம் நிறைந்தது. எனலாபிரிலும் கோ-ட்ரைமாக்சசோலும் எடுக்கும் ஒருவர், சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்தவர், தினம் இரண்டு மூன்று இளநீர் குடித்தால் பொட்டாசியம் மூன்று பக்கமிருந்தும் சேரும். சோடியம் குறைந்தது என்று விற்கும் சில உப்புகளிலும் இருப்பது பொட்டாசியம்தான். சிறுநீரகக் கல்லுக்குத் தரும் பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் இதே கணக்கு.

அடுத்து சர்க்கரை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை ஈரல் உடைத்து வெளியேற்றும் வேலையை இந்த மருந்து தாமதப்படுத்துகிறது. விளைவு தாழ் சர்க்கரை: வியர்வை, நடுக்கம், குழப்பம். தொற்றால் வாய் கசந்து சரியாகச் சாப்பிடாத நாட்களில்தான் இது நடக்கும் என்பதால் ஆபத்து இரட்டிப்பு. தனியாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இந்த அளவுக்குக் கவலை இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு வைத்துக்கொண்ட பெண்கள் இங்கே பலர். அவர்களில் நடுத்தர வயதினரும் உண்டு, சிறுநீர்த் தொற்றும் வரும். கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) சில நாட்களிலேயே எகிறும். ஈறில், மூக்கில், சிறுநீரில் ரத்தம் வரலாம், மூளையில்கூடக் கசியலாம். சிறுநீரில் வரும் ரத்தத்தைத் தொற்றின் அறிகுறி என்று நினைத்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டுமே ஃபோலேட் என்ற ஒரே சத்தின் பாதையை மறிப்பவை. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதே குறைந்துபோய், வாய் முழுக்கப் புண்ணும் காய்ச்சலுமாக ஆரம்பித்து உயிர் வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதில் ‘கவனமாகக் கொடுக்கலாம்’ என்ற பேச்சுக்கே நான் இடம் தரமாட்டேன்.

சிப்ரோஃபிளாக்சசினும் அதன் உறவுகளும்: இரண்டு பக்கமும் இடி

சிப்ரோஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின், லெவோஃபிளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பழகியதால், இந்தியாவில், சிறுநீர்த் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி இவற்றுக்கு அடங்குவதில்லை. அது தனிக்கதை. அடங்கும் கிருமியாக இருந்தாலும் மருந்து ரத்தத்தில் சேர வேண்டுமே!

கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் எல்லாம் வயிற்றிலேயே சிப்ரோவைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டப்பட்ட மருந்து உடலில் சேராமல் மலத்தோடு போய்விடும். காலையில் சிப்ரோ, கூடவே கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, எரிச்சலுக்கு ஜெலுசிலோ டைஜீனோ ஒரு மூடி என்று ஒரே வாயில் போட்டால், பாதிக்கும் குறைவான மருந்துதான் உள்ளே போயிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த வாரம் ஊசிக்கு மாறுவார்கள். சிப்ரோவை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். லெவோவுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேர இடைவெளி போதும். பாலோடும் தயிரோடும் சிப்ரோவை விழுங்க வேண்டாம். ஐந்து நாள் கால்சியம் மாத்திரையை நிறுத்திவைப்பது இதைவிட எளிது. எலும்பு ஐந்து நாளில் தேய்ந்துவிடாது.

மறுபக்கம், சிப்ரோ ஈரலில் ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதியால் கழியும் மருந்துகளெல்லாம் தேங்கும். முக்கியமானது டிசானிடின். கழுத்துவலி, முதுகுவலிக்குத் தரும் சில கலவை மாத்திரைகளில் இது இருக்கும், சாப்பிடுபவருக்கே தெரியாது. சிப்ரோவோடு சேரும்போது டிசானிடினின் அளவு ரத்தத்தில் சுமார் 10 மடங்கு ஏறுகிறது. ரத்த அழுத்தம் விழுந்து, தூக்கம் சொக்கி, எழுந்து நின்றால் மயக்கம் வரும். இந்த ஜோடி முழுத் தடை. மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் எடுப்பவர்களுக்கும் அதில் உள்ள தியோஃபிலின் ஏறி, படபடப்பு, வாந்தி, வலிப்பு வரை போகலாம். காபியில் உள்ள கஃபீனும் அதே நொதியால்தான் கழிகிறது என்பதால், சிப்ரோ எடுக்கும் நாட்களில் வழக்கமான காபியே தூக்கத்தைக் கெடுக்கும். லெவோஃபிளாக்சசினில் இந்த நொதிச் சிக்கல் பெரிதாக இல்லை.

ஆனால் மொத்தக் குடும்பத்துக்கும் பொதுவான சிக்கல்கள் வேறு உண்டு. ஸ்டீராய்டு எடுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார் கிழியும் ஆபத்து கூடும். கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை கடுமையாகத் தாழலாம். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வேறு வழி இருக்கும்போது சாதாரண நீர்த்தொற்றுக்கு இந்தக் குடும்பத்தைத் தவிர்க்கும்படி அதே அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது.

நைட்ரோஃபியூரன்டாயின்: சாதுவான மருந்து, ஆனால் கூட வரும் சிரப்?

பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எதனோடும் குறிப்பிடும்படி மோதாது. ஐ.என்.ஆரையும் பெரும்பாலும் அசைக்காது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு, மாத்திரை டப்பா பெரிதாக உள்ளவருக்கு, என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

அப்படியானால் எங்கே கெடுகிறது? எரிச்சல் அடங்குவதற்காகக் கூடவே எழுதப்படும் அந்தச் சிரப்பில். டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றுகிறது. எரிச்சல் தணிகிறது, உண்மைதான். ஆனால் நைட்ரோஃபியூரன்டாயின் நன்றாக வேலை செய்வது அமிலத்தன்மை உள்ள சிறுநீரில். சிறுநீர் காரமாக ஆக அதன் வீரியம் குறையும். ஒரே சீட்டில் இரண்டையும் எழுதுவது பழக்கமாகிவிட்டது. எனக்கு இது உறுத்துகிறது. தண்ணீர் போதிய அளவு குடித்து முதல் இரண்டு நாள் எரிச்சலைத் தாங்கிக்கொண்டால், சிரப் இல்லாமலேயே பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். இதே சிரப் சிப்ரோவுக்கும் நல்ல துணை இல்லை. கார நீரில் சிப்ரோ படிகமாகப் படியக்கூடும். சல்ஃபா மருந்துகளுக்கு நேர்மாறு, கார நீரில் அவை நன்றாகக் கரையும். ஆக, ‘யூரின் சிரப்’ எல்லோருக்கும் பொதுவான துணை மருந்து இல்லை. அதில் உள்ள சோடியம் பிரஷர்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் வேண்டாத சுமை வேறு.

மெக்னீசியம் ட்ரைசிலிகேட் உள்ள அமில முறிவு மருந்துகள் நைட்ரோஃபியூரன்டாயினை உறிஞ்ச விடாது. யூரிக் அமிலத்துக்கு ப்ரோபெனெசிட் எடுப்பவர்களுக்கு மருந்து சிறுநீருக்கு வராமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும், வயிற்றையும் புரட்டாது. சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர்.) 45-க்குக் கீழே என்றால் தயக்கம், 30-க்குக் கீழே என்றால் வேண்டாம். குளிர்க்காய்ச்சல், விலாவில் வலி என்று தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் இது போதாது.

ஃபாஸ்ஃபோமைசினும் செஃப் வகைகளும்

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூள், தண்ணீரில் கரைத்து ஒரே வேளை. மோதல் என்று சொல்ல வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு ஒன்றுதான் முக்கியம். அது குடலை வேகமாக நகர்த்தி, மருந்து சேர்வதைக் குறைக்கும். மற்றபடி இவ்வளவு அமைதியான மருந்து இந்த வரிசையில் வேறில்லை. ஒரு பாக்கெட்டுக்கே சில நூறு ரூபாய் ஆவதுதான் தடை.

செஃப்யூராக்சிம், செஃப்போடாக்சிம், செஃபிக்சிம் என்று செஃப் பெயர்களில் மாத்திரையாக வருவனவற்றில், செஃப்யூராக்சிமும் செஃப்போடாக்சிமும் வயிற்று அமிலம் இருந்தால்தான் சரியாகச் சேரும். தினமும் காலையில் பான்டோப்ரசோல் போடுபவர்களுக்கு அது குறையும். செஃபிக்சிமுக்கு இந்தத் தொல்லை குறைவு. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மெத்தோட்ரெக்சேட் கழிவதைத் தாமதப்படுத்தும், கோ-ட்ரைமாக்சசோல் அளவுக்கு இல்லாவிட்டாலும்.

மருத்துவமனை ஊசிகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எதற்கும் அடங்காத கிருமிக்கு மெரோபெனமோ எர்டாபெனமோ போடுவார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு இதைப் போட்டால், ஓரிரு நாட்களிலேயே வால்ப்ரோயேட் அளவு அதலபாதாளத்துக்கு விழும். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. வருடக்கணக்கில் வராத வலிப்பு வார்டில் வந்துவிடும். வேறு ஊசியோ, தற்காலிகமாக வேறு வலிப்பு மருந்தோ வேண்டும். அமிக்காசின் ஊசி போடும் நாட்களில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். இரண்டும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

சரி, யாருக்கு எது?

எனலாபிரில், கிளிமிபிரைடு, கால்சியம் எடுக்கும் 65 வயது அம்மா, காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் சரியாக இருக்கிறது: சிரப் இல்லாமல் நைட்ரோஃபியூரன்டாயின். அவருக்கே சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஃபாஸ்ஃபோமைசின். மாத்திரை எதுவும் எடுக்காத இளம்பெண்ணுக்கு, கல்ச்சரில் அடங்கும் என்றால், கோ-ட்ரைமாக்சசோல்கூட நல்ல தேர்வுதான். கருத்தடை மாத்திரை மட்டும் எடுப்பவராக இருந்தால், அது வீணாகுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக்குகளில் அதைக் கெடுப்பது ரிஃபாம்பிசின் வகை மட்டும், இங்கே பேசிய எதுவும் இல்லை. ஆஸ்துமாவுக்கு டெரிஃபிலினோ, டிசானிடின் கலந்த முதுகுவலி மாத்திரையோ எடுப்பவருக்கு சிப்ரோ வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பலருக்கு நிறம் தெரியும், பெயர் தெரியாது. டாக்டரிடம் போகும்போது அட்டையோடு எடுத்துப்போனால் போதும், மேலே சொன்ன பாதி மோதல்கள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கடினமானது, அசினோகூமரால் எடுப்பவருக்குக் கல்ச்சரில் கோ-ட்ரைமாக்சசோல் மட்டுமே ‘எஸ்’ என்று வரும் நிலை. அப்போது டாக்டர் அசினோகூமரால் அளவை முன்கூட்டியே குறைக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஐ.என்.ஆர். பார்த்தாக வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மோதிய மருந்து போனபின் ஐ.என்.ஆர். கீழே இறங்கும். குறைத்த அளவிலேயே விட்டுவிட்டால் வால்வில் ரத்தம் உறையக்கூடும்.