கியூஎமுவின் பிழைச் செய்திகள்: 5.1 பதிப்பில் வந்த திருத்தம்

மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு மென்பொருளின் 5.1 பதிப்புக்காக, 2020ஆம் ஆண்டில், பிழைகளைத் தெரிவிக்கும் முறையில் செய்யப்பட்ட நிரல் மாற்றங்களைப் படித்தபோது எனக்கு உண்மையான நிறைவு ஏற்பட்டது.

ஒரே வட்டுக் கோப்பை இரண்டு மெய்நிகர் கணினிகள் எழுதுவதற்காகத் திறக்க முயன்றால், ஒரு நேரத்தில் ஒருவரே எழுதுவதை உறுதிசெய்யும் பூட்டு கிடைக்கவில்லை என்ற செய்தியோடு, 'வேறொரு செயல்முறை இந்தக் கோப்பைப் பயன்படுத்துகிறதா?' என்ற குறிப்பும் வரும். நள்ளிரவில் சர்வரைக் கவனிப்பவருக்குக் கைகொடுப்பது இத்தகைய குறிப்புதான். பழைய முறையிலோ, பிழை நேர்ந்தவுடன் நிரலை நிறுத்திவிடுமாறு அழைத்த செயற்கூறு (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதி) கேட்டிருந்தால், செய்தியை அமைத்த கணமே எல்லாம் முடிந்துபோய், குறிப்பைச் சேர்க்கும் அடுத்த வரி இயங்கவே இயங்காது. புதிய 'எர்ப் கார்டு' (ERRP_GUARD) மேக்ரோ, அதாவது பல நிரல்வரிகளுக்குப் பதிலாக இடப்படும் சுருக்கப்பெயர், பிழையை முதலில் செயற்கூற்றுக்குள் மட்டுமே இருக்கும் ஓர் உள்மாறியில் பிடித்துவைத்து, செயற்கூறு முடியும்போது மட்டுமே அழைத்தவரிடம் ஒப்படைப்பதால் அந்தக் குறை தீர்கிறது. பிழையை மேலே கடத்துவதற்கென்றே திரும்பத் திரும்ப எழுதிவந்த வரிகளும் குறைகின்றன.

மேக்ரோவைச் செயற்கூற்றின் தொடக்கத்தில் இட மறந்தால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எச்சரிக்காது என்பது மட்டும் உறுத்துகிறது; அங்கே மறுஆய்வு செய்பவரின் கவனத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.