விபாக்ஸ்மேனேஜ் எக்ஸ்போர்ட்: மூன்று வருட அனுபவம்

ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை (விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ். அதில் ஓடும் 6 விஎம்களை வாராவாரம் ஓவிஏ கோப்பாக (ஒரு விஎம்மை அப்படியே அடக்கிய ஒற்றைக் கோப்பு) எடுத்துவைக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். உபுண்டு சர்வர், ஞாயிறு இரவு 11 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி). உண்மையான வேலை ஒரே வரிதான்: விபாக்ஸ்மேனேஜ் (விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைவரிக் கருவி) எக்ஸ்போர்ட், விஎம்மின் பெயர், கோப்பின் பெயர். மற்ற வரிகளெல்லாம் ஒவ்வொரு தடவை அடிபட்டபோது சேர்ந்தவை.

முதல் அடி கிரானில். கையால் ஓட்டினால் கோப்பு வரும். கிரானில் போட்டால் கோப்பும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் பட்டியலை ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. நான் ரூட்டின் (நிர்வாகிப் பயனரின்) கிரானில் போட்டிருந்தேன், ரூட்டுக்கோ ஒரு விஎம்மும் கிடையாது. காலிப் பட்டியலில் லூப் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், எல்லாம் நல்லபடி முடிந்ததாக ஸ்கிரிப்ட் வெளியே வந்துவிட்டது. இப்போது பட்டியல் காலியாக இருந்தால் அங்கேயே நின்று எனக்கு மெயில் அனுப்பும்.

அதிக நேரம் எடுத்தது விஎம்மை நிறுத்தும் பகுதி. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. ஆரம்பத்தில் பவர்ஆஃப் கட்டளையைப் போட்டேன். அது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். டேட்டாபேஸ் இருக்கும் விஎம்மில் அதைச் செய்யவே கூடாது. இப்போது ஏசிபிஐ பவர் பட்டனை அழுத்தச் சொல்லி (முறைப்படி அணையச் சொல்லும் கட்டளை), ஷோவிஎம்இன்ஃபோவில் (விஎம்மின் விவரம் காட்டும் கட்டளை) நிலை மாறுகிறதா என்று 10 விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறேன். விண்டோஸில் யாராவது சேமிக்காத நோட்பேடைத் திறந்தபடி விட்டுப்போயிருந்தால் அது அணையாமல் நிற்கும். 5 நிமிடத்தில் அணையாவிட்டால் அந்த வாரம் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். வலுக்கட்டாயமாக அணைப்பதில்லை. இன்னொன்று: அணைந்துவிட்டதாக நிலை காட்டிய பிறகும் சில விநாடிகள் விஎம் மீது விர்ச்சுவல்பாக்ஸ் போட்ட பூட்டு விலகாமல் இருக்கும். அதற்காக ஒரு ஸ்லீப் (சற்றுக் காத்திருக்கும் வரி) அவசியம்.

ஸ்னாப்ஷாட்களை (விஎம்மின் முந்தைய நிலைகளைச் சேமித்த பதிவுகள்) நம்பியிருப்பவர்கள் கவனிக்கவும்: ஓவிஏவில் இப்போதைய நிலை மட்டும்தான் போகும், பழைய ஸ்னாப்ஷாட்கள் போகாது.

கோப்பு வந்துவிட்டது என்பதற்காக நான் நிம்மதி அடைவதில்லை. முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் எழுதி, இம்போர்ட்டை டிரை-ரன்னாக (உண்மையில் எதையும் உருவாக்காத ஒத்திகை) ஓட்டிப் பார்த்து, அது தேறினால்தான் சரியான இடத்துக்கு நகர்த்துகிறேன். மேனிஃபெஸ்ட் ஆப்ஷனைக் கொடுத்தால் செக்சம்மும் (கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) கூடவே வரும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு விஎம்மை லேப்டாப்பில் இம்போர்ட் செய்து, லாகின் திரை வரும்வரை உட்கார்ந்து பார்ப்பேன். பென்டிரைவில் எடுத்துப்போகிறவர்கள் அதை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது.

போன வருடம் ஹோஸ்டின் (விஎம்கள் ஓடும் சர்வரின்) டிஸ்க் போய்விட்டது. புதிய மெஷினில் ஆறையும் இம்போர்ட் செய்தேன், ஆறும் எழுந்தன. ஆனால் எதற்கும் பழைய ஐபி கிடைக்கவில்லை. கட்டளைவரியில் இம்போர்ட் செய்யும்போது தனியாகச் சொல்லாவிட்டால் மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) புதிதாக உருவாகும். எங்கள் ரவுட்டரிலோ ஐபியெல்லாம் பழைய மேக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கீப்ஆல்மேக்ஸ் ஆப்ஷனைப் போட்டு மறுபடி இம்போர்ட் செய்ததும் அத்தனையும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன. மீட்பதற்கென்று தனி ஸ்கிரிப்ட் எழுதி, அந்த வரியையும் சேர்த்து, ஓவிஏக்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்திருக்கிறேன்.