நாலு நிறத்தில் ஒரு முகம்: எண்ணெய் வண்ணம் பழகிய அனுபவம்

பெங்களூரு அல்சூரில், வீட்டு மாடி அறையில் சில வருடங்களாக எண்ணெய் வண்ணத்தில் முகங்கள் மட்டும் வரைந்து பழகுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த செட் வாங்கலாம் என்றுதான். செட்டே வேண்டாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் நாலு நிறம் போதும்: வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் (இப்போது பலரும் காட்மியம் சிவப்பு வைத்துக்கொள்கிறார்கள்), ஐவரி கறுப்பு.

நம் மாநிறத்துக்கு இது அருமையாக ஒத்துவருகிறது. மாமியாரை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தபோது, "மூக்குத்தி தெரியுதா பாரும்மா" என்று அவர் கவலையெல்லாம் அதில்தான். நான் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்து வெளிச்சம் விழும் இடத்தில் கறுத்த தோலின் மினுமினுப்பு வெள்ளையாக இருக்காது, சாம்பல் நீலமாக இருக்கும். வெறும் வெள்ளையை வைத்தால் பவுடர் அப்பியது போலாகிவிடும். கறுப்பும் வெள்ளையும் கலந்து ஒரே ஒரு தொடு, பக்கத்துச் செம்பழுப்பின் சூட்டில் அது நீலமாகவே தெரிந்தது. தாடைக்குக் கீழே கறுப்போடு ஓக்கர் சேர்த்தால் பச்சை கலந்த நிழல் வரும்.

அப்புறம், அடிப்படலத்தை அவசரப்படுத்தாதீர்கள். டர்பன்டைனில் கரைத்த அம்பரால் (பழுப்பு மண் நிறம்; நாலுக்கு வெளியே இது ஒன்று, அடிப்படலத்துக்கு மட்டும்) ஒளியையும் நிழலையும் மட்டும் முழுசாக முடித்துவிட வேண்டும். அங்கே முகச்சாயல் வரவில்லையென்றால் மேலே எத்தனை நிறம் பூசினாலும் வராது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும், ஐவரி கறுப்பு இழுத்தடிக்கும், இங்கே மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது. அதனால் மேல் அடுக்குகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும், தலைகீழாகப் போனால் நாளடைவில் வெடிப்பு விடும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்; விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

முடிந்தால் மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவின் ஓவியங்களை நேரில் பாருங்கள், அச்சுப் பிரதியில் படல வேலை தெரியாது. வாங்கும்போது வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாக எடுங்கள், அதுதான் முதலில் தீரும்.